விரத நாளில் கொடுத்த இரண்டு மாத்திரைகள்

போன புரட்டாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரகடத்தில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மருந்துக்கடையில் ஆரம்பித்தது இது.

திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். கணவர் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு வருடமாகச் சர்க்கரை. படப்பையில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஆனால் கம்பெனியில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆவணியில் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது மாத்திரை தீர்ந்துவிட்டது. அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி வேறு மாத்திரை வாங்கினோம். திரும்பி வந்ததும் பழைய மாத்திரையையும் வாங்கி, இரண்டையும் தினமும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. பெயரும் வேறு. இரண்டு டாக்டர் கொடுத்தது, சீக்கிரம் குணமாகும் என்று எனக்கு ஒரே பெருமை. என் புத்தியை என்ன சொல்ல!

அதற்கப்புறம் அவருக்கு அடிக்கடி வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஷெட்டுக்குள் வெக்கை, உடம்பில் சத்தில்லை என்று நானே முடிவு கட்டி, டானிக் வாங்கத்தான் அன்று கடைக்குப் போனேன்.

கடையில் புதிதாக ஒரு அட்டை தொங்கியது. வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிபார்த்துச் சொல்கிறோம் என்று எழுதியிருந்தது. மருந்தாளுநர் சின்னப் பெண். டானிக் கேட்டால் எடுத்துத் தராமல், "என்னென்ன மாத்திர சாப்புடுறாருக்கா? எடுத்துனு வந்து காட்டுங்களேன்" என்றாள். வியாபாரத்துக்கு ஒரு வேஷம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போய் மாத்திரைப் பையைக் கொண்டுவந்தேன்.

மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் முகம் மாறியது. "அக்கா, ரெண்டும் ஒரே மருந்துக்கா. கம்பெனிதான் வேற. டபுள் டோஸ் போவுது."

இன்றைக்குக் கொடுத்தீர்களா, சாப்பிட்டாரா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை விரதம். ஷிப்ட் முடிந்து வந்து, படையல் போட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீரைத் தாண்டி எதுவும் உள்ளே போகும். சாமிக்கு விரதம் இருந்தாலும் மாத்திரையை விடக் கூடாது என்று விடிகாலையில் இரண்டையும் விழுங்க வைத்து பஸ் ஏற்றியது நான்தான்.

"சர்க்கர தடால்னு எறங்கிடும்க்கா. மயக்கம் வரும். உடனே ஏதாச்சும் இனிப்பா குடுக்கணும், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். அவர் உட்கார்ந்திருப்பதோ டன் கணக்கில் இரும்பு தூக்கும் வண்டியில். சுற்றிலும் நடமாடி வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பெண் கம்பெனி நம்பரைத் தேடி அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. க்ளூக்கோஸ் பாக்கெட்டை என் கையில் திணித்து, ஷேர் ஆட்டோவை அவளே நிறுத்தி ஏற்றிவிட்டாள்.

அந்த ஆட்டோ ஆள் ஏற்ற நின்ற ஒவ்வொரு இடத்திலும் என் உயிர் போய்ப் போய் வந்தது. பெருமாளே, உனக்காகப் பட்டினி கிடக்கிற மனுஷன், காப்பாத்து என்று வாய்விட்டே அழுதேன்.

கேட்டில் செக்யூரிட்டி அசையவில்லை. "இன்னாம்மா நீ, லைன் ஓடிக்கினு கீது. ரெண்டரைக்கு ஷிப்ட் வுட்டதும் வருவாரு, அப்பால பாரு."

என்ன விஷயம் என்று சொன்னால்தான் உள்ளே ஆள் போகும். சொன்னால் அவர் வண்டி போய்விடும். சத்தியம் வேறு. ஒரு நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கத்தியேவிட்டேன். "அண்ணாச்சி, அவியளுக்குச் சுகர் இருக்கு! மாத்திரய ரெண்டு மடங்கு முழுங்கிட்டு, வெறும் வயித்தோட வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காவ!"

அந்த ஆள் சட்டென்று எழுந்து வாக்கிடாக்கியில் பேசினார். பதில் வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அது ஐந்து வருஷம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தாராம். கூப்பிட்டால் பேச்சு குழறியதாம். சூப்பர்வைசர் ஓடிப்போய் இறக்கி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கம்பெனி ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கண் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, சுகர்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

சொன்னேன் என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. பயந்தபடியே வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். இன்னும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தானே முணுமுணுக்கிறார்!

வேலை போய்விடுமே என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்த ஒரு வார்த்தை, அன்று அந்தப் பெண் மட்டும் பையைக் கொண்டுவரச் சொல்லியிருக்காவிட்டால், ஆளையே கொண்டுபோயிருக்கும்.