பத்து நாற்பதுக்கு எடுத்த வாரியல்

என் மனைவி பொன்னம்மைக்குக் கிலோமீட்டர் தெரியாது. ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் நாகர்கோவில் அவளுக்கு இரண்டு மணி நேரக் குப்பை. சென்னை, ரயில் என்றால் ஒரு ராத்திரிக் குப்பை, விமானம் என்றால் ஒன்றரை மணி நேரக் குப்பை. மகன் ஜெயந்த் பொன்முடிக்குச் சுற்றுலா போய், பஸ் வழியில் மக்கர் பண்ணிய அன்று, அவள் நாள் முழுக்கத் துடைப்பத்தைத் தொடவில்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி வீடு எங்களுடையது. ஒரு நாள் பெருக்காவிட்டால் தெருவே தும்மும்.

அப்படிப்பட்டவள் வீட்டிலிருந்து ஜெயந்த் முதல்முதலாக மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினான். காலை எட்டரைக்கு விமானம். அன்றைக்கே பதினொன்றரைக்கு மகள் அஞ்சுவைப் பெண் பார்க்கக் கரமனையிலிருந்து வருகிறார்கள். வேறு நல்ல நாள் கிடைக்கவில்லை.

டிக்கெட்டை நான்தான் பார்த்தேன். இறங்கும் நேரம் பத்து நாற்பது.

"ரெண்டு மணிக்கூர் பத்து நிமிஷமாக்கும். இந்நேரம் எறங்கியிருப்பான். நீ தூத்து வாரு" என்றேன்.

"போன் வரல்லியே?"

"புது சிம்மு போடாண்டாமா? நான் சொல்லுகேன்லா!"

முப்பது வருடத்தில் அன்று ஒரு தடவைதான் அவள் என் பேச்சை நம்பினாள். வாரியலை எடுத்து மூன்று அறையையும் பெருக்கிக் குப்பையை வாளியில் கொட்டினாள்.

அப்போது அஞ்சு அலங்காரத்தோடு வந்தாள். "அப்பா, அது மஸ்கட் நேரமாக்கும். அங்க நமக்கு ஒண்ணரை மணிக்கூர் பின்னாடி. அண்ணன் எறங்க பன்னிரண்டு பத்தாவும். இப்போ கடலுக்கு மேல இருப்பான்."

நுணலும் தன் வாயால் கெடும். இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் எந்த விமானம் கடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொன்னம்மை "எம்புள்ளைய நடுவழியில வச்சுத் தூத்துட்டேனே" என்று வாளியைத் தூக்கி, குப்பையை மூன்று அறையிலும் திரும்பத் தூவினாள். அழுதுகொண்டே தூவினாள். அஞ்சு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளை ஹரிகுமார் உள்ளே வந்ததும் மூன்று தடவை தும்மினான். அவன் அம்மா கிருஷ்ணவேணி தரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பொன்னம்மை மறைக்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன், மதினி" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இந்தச் சம்பந்தம் இதோடு போயிற்று என்றே நினைத்தேன்.

ஹரிகுமார் கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டப் போனான்.

"தட்டாதே" என்றார் கிருஷ்ணவேணி. "அந்தப் பையன் எறங்கட்டும்."

பட்டுப்புடவையோடு அந்தத் தூசியிலேயே உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தோம், தும்மினோம், கடிகாரத்தைப் பார்த்தோம். பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் எங்களோடு தும்மிக்கொண்டுதான் இருந்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. "அம்மா, எறங்கியாச்சு" என்றான் ஜெயந்த்.

கிருஷ்ணவேணி எழுந்து சேலையை இடுப்பில் செருகினார். "வாரியல் எங்க இருக்கு, மதினி?"

கொடுக்க மாட்டேன் என்று இவள், விடமாட்டேன் என்று அவர். நான் குறுக்கே போகவில்லை. நேரம் பார்த்துச் சொன்னதே போதும்.