அப்பாவிடமே சொல்லிவிடுங்கள்

போன வாரம் அமாவாசை. அப்பா இறந்துபோனபின் வந்த முதல் அமாவாசை. மறுநாள் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகத் திண்டிவனம் ஏஜெண்டு சொல்லியிருந்தார். தவணை ஐந்து ரூபாய். கையில் மூன்றுதான்.

மிஷின் போனால் விழுப்புரத்தில் எனக்கு என்ன வேலை? படிப்பு மூன்றாம் வகுப்பு. யுத்தத்தில் துணியே கிடைக்காத காலம் வேறு.

அப்பா நோட்டில் இரண்டு பேர் தையல்கூலி பாக்கி — ஆளுக்கு இரண்டு ரூபாய். ஒருவர் கொடுத்தாலும் போதும்.

முறைத்துக் கேட்டால் அடுத்த சட்டை வேறு கடைக்குப் போய்விடும். அழுது கேட்கலாமா? ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. சிரித்தே கேட்போம் என்று கிளம்பினேன்.

முதலில் அரிசிக் கடை முதலாளி.

"அட, உங்கப்பன் கையிலயே குடுத்துட்டனேப்பா! எழுத மறந்துட்டிருப்பான்."

"நல்லதாப் போச்சுங்க. நான் கேட்டா அப்பா வாயே தொறக்க மாட்டேங்கறாரு. அமாவாசைக்குப் படையல் சாப்பிட வருவாரு. நீங்களே எலைக்கு முன்னாடி நின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

கடையே சிரித்தது. "போடா, பேஜாரு புடிச்சவனே!" என்று அவரும் சிரித்தார்.

அடுத்து கெடார் கிராமத்துப் பெரியசாமி மாமா. கொல்லையில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலையை உதறிக்கொண்டிருந்தார். அவரும் அப்பாவிடம் கொடுத்துவிட்டதாகவே சொன்னார். நானும் அதே வேடிக்கையை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வர்றேன் மாப்ள."

அமாவாசையன்று காலையில் அரிசிக் கடை ஆள் வந்து இரண்டு ரூபாயை நீட்டினான். மிஷின் தப்பித்தது! எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் இலை போட்டுக் கற்பூரம் ஏற்றும்போது வாசலில் பெரியசாமி மாமா. கெடாரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், சந்தையில மல்லாட்ட வித்துக்கினு இருந்தப்ப குடுத்தேன் இல்ல? 'பையன் வெறுங்காலோட திரியறான், செருப்பு வாங்கணும்'னு சொல்லிக்கினே வாங்குனியே... புள்ளகிட்ட சொல்லாமயே பூட்டியே மச்சான்!"

வாசலில் என் செருப்பு கிடந்தது. சந்தையன்று அப்பா வாங்கி வந்தது. காசு ஏது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

மாமா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் பயந்தபடியே... நிற்கவில்லை.

ஒரே வேடிக்கையைத்தான் இரண்டு பேரிடமும் சொன்னேன். கொடுக்காதவர் பணத்தை அனுப்பிவிட்டார். கொடுத்தவர்தான் அப்பாவைப் பார்க்க வந்தார்.