முட்டை போடாத லசானியா

அன்று வீட்டில் இருந்தவர்கள். நான். என் வீட்டுக்காரர். எங்கள் மகள், அன்றைக்குப் பத்து வயது முடிந்தது. சிதம்பரத்திலிருந்து வந்த என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா. நாத்தனாரின் கணவர். மகளோடு படிக்கும் பெண் பிள்ளைகள் இரண்டு பேர். ஏழு பேர். வீடு திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு. ஏழு பேர் உட்கார்ந்தால் எட்டாவது ஆள் வாசலில்தான் நிற்கவேண்டும்.

மகளுக்கு முட்டை ஆகாது. பால்வாடியில் முதன்முதலாக முட்டை கொடுத்த அன்று தெரிந்தது. உதடு வீங்கியது. கண் மூடிக்கொண்டது. மூச்சு இழுத்தது. டாக்டர் சொன்னார், முட்டை பட்ட கரண்டிகூட இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று. அதிலிருந்து என் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. வீட்டுக்காரருக்கு ஆம்லெட் வேண்டுமென்றால் கடையில் தின்று வாய் கொப்பளித்துவிட்டு வருவார்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை உண்டு. மகள் வீட்டுச் சோற்று டப்பாவோடு சுவரோரம் தனியாக உட்காருவாள். டீச்சர் உட்காரச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நாத்தனார் இதை நம்பியதே இல்லை.

"கோழி ஆவுமாம், கோழி போட்ட முட்டை ஆவாதாம். இது எந்த ஊரு ஞாயம்?"

"டாக்டர் சொல்றாரு அண்ணி."

"டாக்டர் நூறு சொல்லுவான். நம்ம வூட்டுல எவளுக்காவது இப்புடி இருந்துச்சா? ஒங்க பக்கத்துலதான் இருக்கும்."

எங்கள் பக்கம் கடற்கரை. மீன் தின்று வளர்ந்தவர்கள். அவர்கள் பக்கம் நெல் விதைத்தவர்கள். எந்தக் கெடுதல் வந்தாலும் அது கடற்கரையிலிருந்துதான் வரும்.

அந்த வருஷம் வகுப்பில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். மஞ்சக்குப்பத்தில் புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு எல்லாரையும் கூட்டிப்போனார்கள். மகளும் போனாள், கையில் டப்பாவோடு. மற்ற பிள்ளைகள் லசானியா தின்றார்கள். இவள் வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லி தின்றாள். வந்து பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏடு ஏடா இருக்கும்மா. நூலு மாதிரி சீஸ் இழுக்குது. அந்த ஏட்டுல முட்டை இருக்குன்னு சொல்லிட்டாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் விட்டிருப்பேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கம்பெனியில் இறால் உரிக்கிறேன். லசானியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. செல்போனில் மகள் போட்டுக் காட்டினாள். பார்த்தவரை அது மைதா. சோமாசிக்குப் பிசைகிற மைதா. முட்டை அதை ஒட்ட வைக்கத்தான். ஒட்ட வைக்க ரவையும் எண்ணெயும் போதாதா என்று பார்த்தேன்.

முதல் தடவை செய்தது களியாகிவிட்டது. வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்து, "இத்த சுவத்துல பூசலாம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். பிறகு அப்பளம் போல் மெல்லிசாகத் தேய்த்து, உப்பும் எண்ணெயும் போட்ட கொதி தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டு எடுத்தேன். அது நின்றது. கிழியவில்லை.

கடையில் சீஸ் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை கிடையாது. புள்ளியை நம்பியும் நம்பாமல், பொடி எழுத்தை மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். கடைக்காரர், "யக்கா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

பிறந்தநாள் அன்று கம்பெனிக்கு லீவு போட்டேன். கறிக்கடையில் எலும்பில்லாத கோழியைக் கொத்தி வாங்கினேன். தக்காளியும் பூண்டும் போட்டுச் சுண்ட வதக்கினேன். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பாலை ஊற்றிக் கிண்டி வெள்ளைக் குழம்பு. ஒரு ஏடு, கறி, வெள்ளைக் குழம்பு, சீஸ். மறுபடி ஏடு. ஓவன் அடுப்பு கிடையாது எனக்கு. பெரிய குண்டானில் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பி, மேலே வளையம் வைத்து, அதன்மேல் தட்டை இறக்கி மூடினேன். ஆவி போகாமல் மூடிமேல் குழவிக்கல்லை வைத்தேன். வாசனை தெருவுக்குப் போனது.

நாத்தனார் வந்ததும் குண்டானைப் பார்த்தார்.

"என்னா இது, கல்ல போட்டு அமுக்கி வெச்சிருக்க? உள்ள பூதமா?"

"லசானியா, அண்ணி."

"பேரே வாயில நொழையல."

தட்டை வெளியே எடுத்தபோது மேலே பொன்னாகச் சிவந்திருந்தது. நாத்தனாரின் கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான், பரோட்டாவ அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. சால்னா எங்க?"

"சால்னாவும் உள்ளதான் மாமா இருக்கு. அடுக்குமாடி," என்றார் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இரண்டு பிள்ளைகளும் தட்டைச் சுற்றி வந்து, "ஆன்ட்டி, ஓட்டல விட சூப்பரா இருக்கு" என்றார்கள். மகள் புதுப் பாவாடையோடு நடுவில் நின்றாள். எல்லாரும் தின்பதை அவளும் தின்னப்போகிறாள். அவள் முகத்தில் அதுதான் இருந்தது. டப்பா அலமாரியில் இருந்தது.

அந்த முகத்தைத்தான் நாத்தனாரும் பார்த்தார்.

"பாரு, எத்தினி கண்ணு. சுத்திப் போடாம வாயில வெக்கக் கூடாது. தம்பிய வுட்டு ஒரு முட்டை வாங்கியாறச் சொல்லுங்க," என்று தன் கணவரிடம் சொன்னார்.

நான் அடுப்பங்கரையிலிருந்து வந்தேன்.

"அண்ணி, முட்டை வேணாம். எலுமிச்சம்பழம் இருக்கு. மொளகா உப்பு இருக்கு. அதால சுத்துங்க."

"பொறந்தநாளு கண்ணு மொளகாவுக்கு அடங்காது. அவளத் திங்கவா சொல்றேன்? தலையச் சுத்தி முச்சந்தியில ஒடைக்கப் போறேன்."

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "வுடேன். திங்கப் போறதில்லியே. அக்கா ஆசப்படுது."

முட்டை வந்தது. பாலிதீன் பையில், சைக்கிள் கைப்பிடியில் மாட்டி இடித்துக்கொண்டு வந்திருக்கிறது. கீறல் விட்டிருந்தது. எனக்கு அப்போது தெரியாது. நாத்தனார் அதில் குங்குமம் வைத்தார். மகளைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, கொள்ளிக் கண்ணு" என்று சொல்லிச் சுற்றினார். முச்சந்திக்குப் போய் உடைத்தார். திரும்பிப் பார்க்காமல் வந்தார். வாசலில் குடத்துத் தண்ணீரை எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டார்.

காலில்.

உள்ளே வந்து சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றை எடுத்தார். மகள் நெற்றியில் பூசினார். "ஆ காட்டு" என்று ஒரு சிட்டிகை நாக்கில் போட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் செய்வதுதான். நான் அப்போது லசானியாவை வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் துண்டை மகள் தட்டில் வைத்தேன். பிறந்தநாள்காரி முதலில் தின்னவேண்டும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

பாதித் துண்டு தின்றாள். "அம்மா, நூலு இழுக்குது பாரு" என்றாள். அப்புறம் கழுத்தைச் சொறிந்தாள்.

ஆட்டோவில் போகும்போதே உதடு வீங்கிவிட்டது. மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கில் மாஸ்க் வைத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் நாத்தனார் சொன்னார்.

"ஃபோன பாத்து என்னமோ ஒண்ணு செஞ்சா டாக்டர். வெள்ளக்காரன் பலகாரம். அதுலதான் இருந்திருக்கும். முட்டை இல்லாம அது எப்புடி நிக்கும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். முட்டை போடவில்லை என்றேன். கடைப் பொருளில் கலந்திருக்கலாம், இனிமேல் கவனமாக இருங்கள் என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார்.

மகளுக்கு மூச்சு சீரானது. நாத்தனார் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் தலையைத் தடவப் போனார். அப்போதுதான் பார்த்தேன். மோதிரத்தைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்து, பொருக்காக இருந்தது. ஒரு விரல் நகத்திலும் இருந்தது. இறால் உரிக்கிறவளுக்குக் கையில் என்ன காய்ந்திருக்கிறது என்று தெரியும். அது மஞ்சள்தூள் இல்லை.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணி, இது முட்டை."

அவர் கையைப் பார்த்தார். உருவிக்கொண்டார். முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்லதுக்குத்தான செஞ்சேன். என்னமோ நான் வெசம் வெச்ச மாதிரி பேசுற."

அழுதார். வீட்டுக்காரர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"வுட்டுத் தொல. புள்ள பொழச்சிக்கிச்சு. அக்காவுக்கு மனசு தாங்காது."

"நான் செஞ்சதுல இல்லன்னு நீயாவது சொல்லு."

"யாருகிட்ட சொல்லணும்? வுடு."

விட்டேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார் சொன்னார். சிதம்பரம் முழுக்கச் சொன்னார்.

அவருடைய பேரனுக்குக் காது குத்து வந்தது. சிதம்பரத்துக்குப் போனோம். மகளின் டப்பாவும் வந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீதானா அது? அடுக்குப் பலகாரம் செஞ்சி பெத்த புள்ளையவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புனவ?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. மகள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டேதான் திறந்தாள்.

வெயில் சாய்ந்ததும் நாத்தனார் பேரனுக்குச் சுற்றிப் போட்டார். முட்டையால்தான். தெருமுனைக்குப் போய் உடைத்துவிட்டு வந்தார். காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு பின்பக்கம் போனார். நான் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மோதிரத்தைக் கழற்றிக் கல்லில் வைத்தார். சோப்பைத் தேய்த்து முழங்கை வரைக்கும் கழுவினார். நகத்துக்குள் குச்சி விட்டுச் சுரண்டினார். மறுபடியும் சோப்புப் போட்டார். அதற்கப்புறம்தான் திருநீற்றுக்குப் போக எழுந்தார்.

நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"என்னா பாக்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"சின்னப் புள்ள இருக்குற வூடு. சுத்தபத்தமா இருக்கணும்ல."

"இருக்கணும்."

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். முட்லூர் தாண்டியதும் மகளிடம் சொன்னேன்.

"அன்னைக்கி நான் செஞ்சதுல முட்டை இல்ல. ஒங்க அத்த கையில இருந்துச்சு. திருநீறு போட்ட கையில."

ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அப்பா அப்புடி சொல்லலியே."

"சொல்ல மாட்டாரு."

"அத்தயும் சொல்லல."

"நான் சொல்றேன்ல."

 ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றபோது கேட்டேன்.

"மறுபடியும் செஞ்சி தரட்டா? நாம ரெண்டு பேரு மட்டும். கதவ சாத்திக்கினு."

"வேணாம்மா. பயமா இருக்கு."

டப்பாவை மடியில் வைத்திருந்தாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இப்போது நான் ரசம் ஊற்றினாலும் இதில் என்ன போட்டாய் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுத்தான் பிசைகிறாள்.

பிறந்தநாள் அன்றைக்கு நான் வெட்டியது பன்னிரண்டு துண்டு. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தபோது ஒருவரும் தொட்டிருக்கவில்லை. தட்டோடு தெருக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். கொட்டும்போது எண்ணினேன்.

பதினொன்றரை.