யானைக்காகப் பூட்டிய விளக்குகள்

நான் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். மண்டூருக்கு உள்ளே, வயல்களைத் தாண்டி இருக்கும் வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். பொழுதுபட்டால் வட்டைக்குள், அந்த வயல்வெளிக்குள், யானை இறங்கும். அந்த வீதியில் விளக்கு என்று ஒன்றும் இல்லை. யானையைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம் என்று மட்டக்களப்பில் ஒரு கடையில் இரண்டு பெரிய விளக்குகளும் போன் சார்ஜரும் பூட்டச் சொன்னேன்.

"பைக் தாங்குமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தாங்கும் மிஸ்ஸி. யோசிக்காம ஓடுங்க," என்றார் கடைக்காரர்.

மாரியில் ஒருநாள், ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பினேன். சேற்றுப் பாதையில் நடைவேகத்தில்தான் வர முடிந்தது. விளக்குகள் மங்கின. பிறகு எஞ்சினும் நின்றது. என் வண்டியில் உதைத்துக் கிளப்ப வழியில்லை. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். பக்கத்து வயலில் நீரைக் கலக்கிக்கொண்டு எதுவோ நடந்துவந்தது.

காவல் பரணில் இருந்த கணவனும் மனைவியும் என்னைக் கண்டுவிட்டார்கள். அவர் யானைவெடியைக் கொளுத்திப் போட்டார். அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஓடாதீங்க மிஸ்ஸி. என்னோட வாங்க."

விடியும்வரை அவர்களோடு பரணிலேயே இருந்தேன். மறுநாள் வண்டியை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் வேறு பற்றரி கொடுத்துக் கிளப்பி, மீற்றரை வைத்துப் பார்த்தார்.

"மெதுவா ஓடினா ஆல்டனேட்டர் போதிய கரண்ட் தராது மிஸ்ஸி. இந்த ரெண்டு லைட்டும் மிச்சத்தப் பற்றரியில இருந்து உறிஞ்சும். நீங்க வேகமா ஓடியிரிக்கணும்."

"அந்த றோட்டில எப்படி வேகமா ஓடுற? இது உங்களுக்கு முதலே தெரியுமா?"

"தெரியும்."

"தாங்குமா எண்டு கேட்டனே."

அதற்கு அவர் பெரிய பற்றரி ஒன்று போடலாம் என்றார்.

"அரிசி இல்லாம பானையப் பெருசாக்கி என்ன செய்யிற? கழட்டுங்க ரெண்டையும்."

என் கண் முன்னாலேயே கழற்ற வைத்தேன். குறைந்த மின்சாரத்தில் எரியும் சின்ன எல்.ஈ.டி. ஒன்றைப் பூட்டி, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் பற்றரி இறங்கவில்லை என்று மீற்றரில் காட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

அது இன்றுவரை சரியாக எரிகிறது. கோபம்தான் ஆறவில்லை. அவர் மீதும், வீதிக்கு வெளிச்சம் கேட்டால் "பார்ப்பம்" என்று சொல்லும் பிரதேச சபைக்காரர்கள் மீதும். கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.