விரதச் சோறும் விசிறிவால் குருவியும்

ஆக்லாந்தின் லின்ஃபீல்ட் பகுதியில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், தனியாள். போன வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு மரப்பெட்டியோடு வந்து மணியடித்தார். பெட்டிக்குள் எலிப்பொறி. தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய தோட்டத்தில், எங்கள் வேலிப்பக்கம் சாய்ந்து நிற்கிற மரத்தில், விசிறிவால் குருவிகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. அதற்கு முந்தைய வசந்தங்களிலும் அதே மரத்தில் கட்டினவாம். ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லையாம்.

"காற்று, மழை, பூச்சி கிடைக்காத குளிர், இதற்கெல்லாம் நாம் ஒன்றும் செய்ய முடியாது. எலிக்குச் செய்யலாம்" என்றார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். வெளியில் சாப்பாடு ஏதாவது வைப்பதுண்டா?

"இல்லவே இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. கோழித் தீனி, நாய்க் கோப்பை, மூடாத குப்பைத் தொட்டி என்று மனத்துக்குள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அந்தச் சுற்றில் காகத்துக்கு வைக்கிற சோறு வரவில்லை. அது படையல். படையலைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

எனக்கு ஏழரைச் சனி. அதில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம், மனைவிக்கு நிறைய. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் விளக்கேற்றி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கி, காகத்துக்கு வைத்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. ஆக்லாந்தில் நம்முடைய காகம் கிடையாது. கூப்பிட்டால் வருவது மைனாதான். வந்த புதிதில் இதைப் பற்றி வீட்டில் பெரிய வழக்கே நடந்தது.

"இஞ்ச தன்ர வாகனம் இல்லையெண்டால் சனீஸ்வரன் என்ன செய்வார்? கிடைச்சதில ஏறி வரட்டும். நீங்கள் வையுங்கோ" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

இடுப்பில் சாரத்தோடு வேலித்தூணடியில் நின்று மைனாவைப் பார்த்து "கா, கா" என்று நான் கத்துவதை மகள் போனில் எடுத்துவைத்துச் சிரிப்பாள். மைனா கொஞ்சம் கொத்தும், மிச்சம் கிடக்கும். படைத்ததைக் குப்பையில் கொட்டக்கூடாது என்பதால் அது இரவும் தூணின்மேல் இலையிலேயே இருக்கும். காலையில் இலை துடைத்துவிட்டதுபோல இருக்கும். ஏதோ ஒரு சீவனின் வயிறு நிறைந்தது என்று திருப்திப்படுவோம். நம்முடைய புரட்டாதியில்தான் இந்த நாட்டுக் குருவிகள் குஞ்சு பொரிக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

பொறி நன்றாக வேலை செய்தது. பீனட் பட்டர் தடவி வைத்தால் எலி விழும். விழுந்த ஒவ்வொன்றையும் படமெடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மற்ற வீடுகளில் இவ்வளவு விழவில்லை. அடுத்த வீட்டுக்காரர் எனக்குத் 'தெருவின் சாம்பியன்' என்று பட்டம் கொடுத்தார். எலிகள் ஏன் எங்கள் வீட்டையே தேடி வருகின்றன என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாம் என் கைராசி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை மட்டும் பொறிக்கு ஓய்வு.

"விரத நாளில உயிர்க்கொலையோ?" என்று மனைவி கேட்டாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெள்ளி இரவே பொறியின் வில்லைத் தளர்த்திவிட்டு, ஞாயிறு காலைதான் திரும்ப ஏற்றுவேன்.

குஞ்சு பொரித்ததும் அடுத்த வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சிலந்தி நூலால் இறுக்கிக் கட்டிய சின்னக் கூடு, உள்ளங்கையில் அடங்கிவிடும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பூச்சியோடு வந்தன. வரும்போதெல்லாம் மூன்று மஞ்சள் வாய்கள் திறந்தன. பிள்ளை தூங்குகிற அறையில் கதைப்பதுபோல அவர் குரலைத் தாழ்த்திக் கதைத்தார். மரத்துக்கு எதிரே உட்கார ஒரு கதிரை போட்டிருந்தார், பக்கத்தில் தேநீர்க் கோப்பை. கிளையைப் பார்த்தபடி ஒரு கமெராவும் கட்டியிருந்தார். "இந்த முறை பறந்துவிடும். இன்னும் சில நாள்தான்" என்றார். அந்த மனிதரின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு காலை வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். கூடு ஒருபக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பெரிய குருவிகள் இரண்டும் இன்னும் பூச்சியைக் கவ்விக்கொண்டு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

"கமெராவில் இருக்கும். தனியாகப் பார்க்க மனம் வரவில்லை. நீங்கள் எலி விஷயத்தில் கெட்டிக்காரர், வாருங்கள்" என்றார்.

அவருடைய சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சாம்பல் நிறப் படம். முன்னால் கிளை, பின்னால் எங்கள் வேலித்தூண், தூணின்மேல் இலை. எலி வந்தது. ஆறுதலாகக் குந்தியிருந்து, இரண்டு கைகளாலும் சோற்றை எடுத்து எடுத்துத் தின்றது. விருந்துக்கு வந்த சம்பந்தி தோற்றுப்போவார். தின்று முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலிமேல் நடந்து, கிளைக்குத் தாவி, நேரே கூட்டுக்குப் போனது. நான் கண்ணை மேசைக்குத் தாழ்த்தினேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். நான் ஆட்டியதற்குப் பட்டமும் வாங்கியிருந்தேன்.

அவர் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, எலி தூணில் குந்தியிருக்கிற இடத்தில் நிறுத்தினார். "அது சோறா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஓம், சோறுதான் என்ற ஒரு சொல் போதும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு சொல்லும் சொல்லியிருக்கலாம். இரண்டும் என் வாயில் வரவில்லை.

"அது எங்கள் சமய வழக்கம். கடவுளுக்கு வைப்பது" என்றேன். என் குரல் கொஞ்சம் விறைப்பாகவே வந்தது. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் சமயம் என்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் நல்ல மனிதர் எவரும் அதற்குமேல் கேட்கமாட்டார் என்பது தெரிந்துதான் சொன்னேன்.

அவருடைய முகம் சிவந்தது. லேப்டாப்பைச் சட்டென்று மூடினார். "மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். குஞ்சுகளைப் பறிகொடுத்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் "பரவாயில்லை" என்றேன்.