பிலோமினா டீச்சர் வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

முந்தாநாள் காலை ஏழாம் வகுப்பறையில் தேசப்படத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். பியூன் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "பிலோமினா டீச்சர் தவறிட்டாங்களாம். விடியக்காலம் நெஞ்சுவலியாம்" என்றார். காய்ச்சலென்று விடுப்பு எடுத்தவர்தான். என்ன செய்வதென்று தெரியாமல், வங்காள விரிகுடா எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய தம்பி சேவியரைப் பற்றித் தெரியும். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தோணியில் போனவன். தோணியும் திரும்பவில்லை, ஆட்களும் திரும்பவில்லை. மற்ற வீடுகளில் இறந்தோருக்கான பூசை வைத்துவிட்டார்கள். டீச்சர் மட்டும் சம்மதிக்கவில்லை. "உடம்பைக் காட்டுங்க, பூசை வைக்கேன்" என்று பங்குச்சாமியாரிடமே சொல்லிவிட்டார். தாயில்லாமல் அவர் தூக்கி வளர்த்த தம்பி. அவன் வந்தால் திறந்திருக்க வேண்டுமென்று இரவில் கதவுக்குத் தாழ் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

அவரிடம் அட்டை கிழிந்த பழைய நாவல் ஒன்று இருந்தது. கடலில் காணாமல் போனவனுக்காக ஒரு வீடே காத்திருக்கும் கதை. கடைசிக்கு முந்தின அத்தியாயம், யாரோ கதவைத் தட்டுவதோடு முடியும். டீச்சர் எத்தனை முறை படித்தாலும் அங்கேயே மூடிவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "இங்கன நிறுத்திட்டா, அவன் வந்துக்கிட்டுதான இருக்கான், டீச்சர்" என்றார்.

போன வருடம் நம் ஊர்த் தியேட்டரில் வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் ஒன்று காலைக் காட்சியாக ஓடியது. பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். மூழ்கிப்போன படகுக்காரன் ஒருவன் கடலடியில் பாறைமேல் தலைவைத்துப் படுக்கிறான். கரையில் மகள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், எழுந்து உட்காருகிறான். மறுபடி படுக்கிறான், மறுபடி கூப்பிடுகிறாள். அவன் தொப்பியை மீன்கள் கவ்விக்கொண்டு ஓட, பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். பக்கத்தில் டீச்சர் அசையாமல் இருந்தார். வெளியே வந்து வெயிலில் நின்றபடி, "நான்தான் அவனைத் தூங்க விடலையோ?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வரச் சொன்னார். நாவலை என் கையில் கொடுத்து, "நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிடுதேன்" என்றார். வாசித்தேன். கதவைத் தட்டியது போனவன் அல்ல. அவன் செத்த சேதியைச் சொல்ல வந்த கூட்டாளி. நான் நிறுத்தப் பார்த்தேன். "வாசிங்க" என்றார். முடித்தபோது அவர் அழவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். தாழ் துருவேறிக் கிடந்ததால் இரண்டு பேருமாகத் தள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் சேவியருக்குப் பூசை நடந்தது. முடிந்ததும் கடற்கரைக்குப் போகலாம் என்றார். தம்பி போனதிலிருந்து அவர் தண்ணீர்ப் பக்கமே போனதில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்து முழங்கால் ஆழம் வரை இறங்கினார். அலை உள்வாங்கும்போதெல்லாம் என் மணிக்கட்டை இறுகப் பற்றினார். ஒருமுறை கடலைப் பார்த்து வாய் திறந்தார். பெயர் வரும் என்று நினைத்தேன். மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கரையேறிய பிறகும் என் கையை விடவில்லை; பஸ் நிற்கும் இடம் வரை அப்படியே நடந்தோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிதான். நேற்றுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தனியாகத் திரும்பும்போது, மணிக்கட்டில் அதே இடத்தில் ஈரமாக, இறுக்கமாக இருந்தது. நான் கையை உதறவில்லை. அவராக விடும்வரை இருக்கட்டும்.