பதினாலு கிலோ

தராசு பழுதுபார்ப்பவருக்குத் தெருவில் ‘கிராம் அண்ணன்’ என்று பெயர். இருபது வருடத் தொழில். எத்தனையோ கடைக்காரர்கள் சண்டைக்கு வந்ததுண்டு. எடைக்கற்களை வைத்துக் காட்டி அத்தனை பேர் வாயையும் அடைத்திருக்கிறார். எந்தத் தராசையும் நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை. பின்னே, ஒழுங்கான தராசு எதற்கு அவர் பட்டறைக்கு வரப்போகிறது? வருவதெல்லாம் பொய் சொல்கிற தராசுதான்.

அவருக்கு மூன்றரை வயதில் ஒரு மகள். உயிரையே வைத்திருந்தார், ஆனால் அவர் கண்ணுக்கு அவள் நோஞ்சான். தம்பி மகன் அதே வயதில் கன்னமும் தொப்பையுமாக உருண்டு வருவதைப் பார்த்துவிட்டால் போதும், அன்றைக்கு இவள் தட்டில் இரண்டு கரண்டி கூட விழும். மடியில் இறுக்கிப் பிடித்து ஊட்டுவார். பாதியைக் கக்குவாள். மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் எடை பார்த்து, பதினாலு கிலோ, வயதுக்குச் சரியான எடை என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. தராசு மூன்று கிலோவாவது கூட்டிக் காட்டுகிறது என்று அடித்துச் சொன்னார். மறுநாள் காலையே எடைக்கற்களோடு போய் நின்றார். தாராளமாகப் பாருங்கள் என்று நர்ஸ் நகர்ந்துகொண்டார்.

ஐந்து கிலோ வைத்தார், ஐந்து. பத்து வைத்தார், பத்து. நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தார். இம்மியும் பிசகவில்லை.

“தராசு சரியாத்தான் இருக்கு” என்றார். அந்த விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது.

“அப்போ உங்க பொண்ணும் சரியாத்தாண்ணே இருக்கா” என்றார் நர்ஸ்.

மதியம் தட்டோடு உட்கார்ந்தார். மகள் தானாகவே வந்து மடியில் ஏறினாள். கண்களை இறுக மூடி, தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். வாயைத் திறக்கவைக்க தினமும் அவர் பிடிக்கிற மூக்கு.

அண்ணன் மெல்ல அவள் கையை எடுத்துவிட்டு, தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

“நீயே சாப்பிடும்மா. போதும்னா போதும்னு சொல்லு.”

நாலு வாய் சாப்பிட்டாள். “போதும்” என்றாள். சொன்ன வேகத்தில் கை மறுபடி மூக்குக்குப் போய்விட்டது.

“சரிம்மா, போதும்” என்று தட்டைத் தள்ளிவைத்தார். அவள் நம்பவில்லை. நம்புகிறவரை தினமும் சொல்வது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.